பஞ்சமா என்று கேட்ட வயிறு

மனிதக் கொழுப்பு வாய் திறந்து பேசிய முதல் சொல் "பஞ்சமா?" என்பதுதான்.

2043, தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஊர் திருச்சி. பேசியது மங்கையர்க்கரசி என்கிற வேதியியல் ஆசிரியையின் வயிறு. கேட்டவர்கள் இரண்டே பேர். வயிற்றுக்குச் சொந்தக்காரியான அரசி ஒருத்தி. வயிற்றின் மேல் இட்லித் தட்டின் குழி அளவுக்கு ஒரு பட்டையை அப்போதுதான் ஒட்டி முடித்திருந்த ஆய்வாளர் இன்பவல்லி இன்னொருத்தி.

"என்னங்க மேடம், ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சே?" என்றாள் அரசி. வயிற்றிலிருந்து வந்த குரலும் அவளுடைய குரல்தான். ஆனால் தயிர் கலந்து பிசைந்தது போல இருந்தது.

"பஞ்சமான்னு கேக்குது. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லை. ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதான் பயந்துடுச்சு." இன்பவல்லியின் முகத்தில் முதல் குழந்தையைக் கையில் வாங்கியவளின் பூரிப்பு. "கொழுப்புன்னா மூட்டை கட்டிப் பரண்ல போட்ட சாமான்னு எல்லாரும் நினைக்கிறாங்க டீச்சர். அப்படி இல்லை. ஈரல், சிறுநீரகம் மாதிரி அதுவும் ஒரு உறுப்பு. நாள் முழுக்க ரத்தத்துல ரசாயனத் தந்தி அடிச்சுக்கிட்டே இருக்கும். 'இங்கே கையிருப்பு நிறைய இருக்கு, கவலைப்படாதே'ன்னு மூளைக்குச் சொல்லும். கையிருப்பு குறைஞ்சா தந்தியும் குறையும். மூளை உடனே 'ஐயோ பஞ்சம், எதையாவது தின்னு'ன்னு உங்களை விரட்டும். அந்தத் தந்தியைத்தான் இந்தப் பட்டை படிச்சுத் தமிழாக்குது. நீங்க பேசறதையும் கேட்டுக்கும்."

"அப்போ பேசறது கொழுப்பா, உங்க பட்டையா?"

"நல்ல கேள்வி," என்றாள் இன்பவல்லி. அதை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அரசிக்கு வயது நாற்பத்தாறு. எடை எண்பத்து நான்கு கிலோ, இடுப்பு நூற்று இரண்டு சென்டிமீட்டர். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி ஆறு புள்ளி மூன்று. அது ஆறரையைத் தொட்டால் சர்க்கரை வியாதி. "ஆறு மாசம் தர்றேன். ஆடியில திரும்பப் பார்ப்போம். தாண்டிடுச்சுன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசியின் அக்காவுக்கு மாத்திரையில் ஆரம்பித்து இப்போது தினம் இரண்டு ஊசி. எனவே அரசிக்குப் பயம் வந்தது. பயத்தில், புது ஆராய்ச்சிக்கு ஆள் தேடிய இன்பவல்லியிடம் பெயர் கொடுத்தாள்.

கொடுத்தது சரிதான். ஆனால் பட்டையோடு வீட்டுக்குப் போனதும், ஆராய்ச்சியையே மறந்து, ஏழே நாளில் ஏழு கிலோ குறைப்பதாகச் சொன்ன ஒரு வீடியோவை நம்பிவிட்டாள். வேளைக்கு ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர், அதில் தேன், லவங்கப்பட்டைத் தூள். வேறொன்றும் கிடையாது.

மூன்றாம் நாள் காலை, கொழுப்பு தயங்கித் தயங்கிக் கேட்டது: "அரசி, மாடெல்லாம் செத்துப்போச்சா?"

"எந்த மாடு?"

"பஞ்சத்துல முதல்ல மாடுதானே போகும். காவிரியில தண்ணி இருக்கா?"

"இருக்கே."

"அரிசி?"

"டப்பா நிறைய இருக்கு."

"அப்புறம் ஏன் மூணு நாளா எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடிச்சுக்கிட்டிருக்கே? யாராவது உன்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்களா? ஆமாம்னா ஒரு தடவை இருமு. நான் புரிஞ்சுக்கறேன்."

"அதெல்லாம் இல்லை. உன்னைக் கரைக்கத்தான்."

"என்னையா?" என்றது கொழுப்பு. "நாப்பத்தாறு வருஷமா ராத்திரி பகலா உனக்குக் காவல் இருக்கேன். என்னையா?"

அரசிக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "மூணு நாள்ல மூணு கிலோ குறைஞ்சிருக்கு, தெரியுமா?" என்றாள்.

"தெரியுமே. பெரும்பாலும் தண்ணி. கொஞ்சம் சதை. நான் அப்படியே இருக்கேன். பஞ்சம்னு தெரிஞ்சதும் நான் தந்தியைக் குறைச்சுட்டேன், மூளை சிக்கனத்துல இறங்கிடுச்சு. உன் கை ஜில்லுன்னு இருக்கா? நேத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களை எதுக்குன்னே தெரியாம திட்டினியா? எதிர் வீட்டுப் பூரி வாசனை சுவரைத் துளைச்சுக்கிட்டு வந்துச்சா? எல்லாம் அதனாலதான். அது போகட்டும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் என்னைச் செலவழிக்கிற ஆள் யாரு? சதை. அவனையே பட்டினி போட்டா வேலை எப்படி நடக்கும்?"

கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. பதினேழு வயது மகள் யாழ்மொழி நின்றிருந்தாள். "அம்மா, உங்க தொப்பை உங்களை விடத் தெளிவா இருக்கு! பேரு என்ன?"

"பேரெல்லாம் இல்லை கண்ணு," என்றது கொழுப்பு வெட்கத்தோடு.

"நெய்யம்மான்னு வெச்சுக்கோ."

அன்று மதியம் இன்பவல்லி போனில் விளக்கினாள். "கொழுப்புக்குக் கண்ணு கிடையாது டீச்சர். ஊர்ல கடை இருக்கு, பிரிட்ஜ் இருக்குன்னு தெரியாது. எத்தனையோ ஆயிரம் வருஷத்துப் பஞ்சத்துக்குத் தயாரான சிப்பாய். சண்டை முடிஞ்சுபோன செய்தி இன்னும் அதுக்குப் போய்ச் சேரலை. இந்தப் பட்டையை இதுவரை நாப்பத்தோரு பேருக்கு ஒட்டியாச்சு. உங்களுக்கு அடுத்து ஒட்டின நாப்பது பேர்கிட்டேயும் முதல் வார்த்தை 'பஞ்சமா'தான். அதை மிரட்டக் கூடாது. பஞ்சம் இல்லைன்னு நம்ப வைக்கணும்."

"எப்படி?"

"வேளா வேளைக்குச் சாப்பிடுங்க. தட்டுல பாதி காய், கீரை. கால்வாசி பருப்பு, சுண்டல், முட்டை, மீன், எது பிடிக்குமோ அது. மிச்சக் கால்வாசி சோறு. வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சாப் போதும். அந்த வேகத்துல போனா அது பெரிசா மிரளாது."

அரசி கேட்டுக்கொண்டாள். ஆனால் உடற்பயிற்சி விஷயத்தில் மட்டும் சொந்த யோசனை வைத்திருந்தாள். குறைய வேண்டியது வயிறு, எனவே வயிற்றை ஆட்ட வேண்டும். கூடத்தில் பாயை விரித்து, படுத்து எழுந்து, படுத்து எழுந்து, நூறு முறை.

எழுபதாவது முறையில் நெய்யம்மா, "எனக்குத் தலை சுத்துது," என்றது. "நீ என்ன பண்றே?"

"வயித்துக் கொழுப்பைக் கரைக்கிறேன்."

"வயித்தை ஆட்டினா வயித்துல இருந்துதான் எடுக்கணும்னு யார் சொன்னது? எரிபொருள் வேணும்னு ரத்தத்துல ஆர்டர் வரும். எந்தக் கிடங்குல இருந்து அனுப்பறதுன்னு உடம்பு முடிவு பண்ணும். நீ வயித்தை ஆட்டறே, கன்னத்துல இருந்து போகும். அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூம்ல 'என்ன டீச்சர், மூஞ்சி வாடிப்போச்சு'ன்னு கேப்பாங்க."

"அப்போ வயிறு குறையவே குறையாதா?"

"குறையும். கையில பிடிச்சா வருதே, அது என் அக்கா. பிடிவாதக்காரி, லேசுல கிளம்ப மாட்டா. நான் உள்ளே, குடலைச் சுத்தி இருக்கறவ. ஈரலுக்குத் தொந்தரவு தர்றதும் என் கூட்டம்தான். ஆனா தினமும் நடந்தா, சதைக்கு வேலை குடுத்தா, நல்லாத் தூங்கினா, முதல்ல மூட்டை கட்டறதும் நான்தான்."

சொல்லிவிட்டு நெய்யம்மா சட்டென்று பேச்சை நிறுத்தியது. சொன்னதன் பொருள் அதற்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து அரசி மாடியில் நின்று பயிற்சி செய்தாள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனைத் தூக்குவது. சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் தெருவைச் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டை. நானூற்றுச் சொச்சம் படிகளில் முதல் வாரம் நூறாவது படியிலேயே உட்கார்ந்து, "பிள்ளையாரப்பா, கும்பிடு இங்கிருந்தே" என்று திரும்பிவிட்டாள்.

ஒரு மாதம் ஆயிற்று. எடை அசையவில்லை.

"மேடம் சொன்ன மாதிரிதான் சாப்பிடறேன்!" என்று சமையலறையில் நின்று கத்தினாள். கணவர் சிற்றம்பலம் கூடத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

"உட்கார்ந்து சாப்பிடறது சரியாத்தான் இருக்கு," என்றது நெய்யம்மா. "நின்னுக்கிட்டுச் சாப்பிடறது?"

"நின்னுக்கிட்டு நான் எதுவும் சாப்பிடறதில்லையே."

"யாழ் பாதியில வெச்சுட்டுப் போன தோசை. வாணலி ஓரத்துல ஒட்டின உருளைக்கிழங்கு. பால் பாத்திரத்துல ஏடு, அதுல கொஞ்சம் சீனி. உப்புப் பார்க்க ரெண்டு கரண்டி பாயசம். உப்புப் பார்க்கவா பாயசம்? அப்புறம் உங்க வீட்டுக்காரர் 'போதும்'னு ஒதுக்கின வடை ஒண்ணரை."

இருபது வருடமாக அரசி இதைச் செய்கிறாள். அதைச் சாப்பாடு என்று அவள் நினைத்ததே இல்லை. அது பாத்திரம் ஒழிப்பது, சமையலறை வேலையில் சேர்த்தி.

"வீணாப் போகுமேன்னுதான்..."

"குப்பைத் தொட்டியில போட்டா வீண். உன் வயித்துல போட்டா வீண் இல்லையா? ரெண்டும் தொட்டிதான் அரசி. ஒண்ணு பேசுது, அவ்வளவுதான்."

அரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. நெய்யம்மாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "இப்போ அந்த ஏட்டை எடுக்கப் போனியே, பசியா? சலிப்பா? இல்லை யார் மேலயாவது கோவமா?"

அரசி கரண்டியைக் கீழே வைத்தாள். எதிர் சுவரைப் பார்த்தாள். அவளிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. 'என்ன சமையல்' என்று கேட்டிருக்கிறார்கள். 'சட்னி இருக்கா' என்று கேட்டிருக்கிறார்கள்.

"கோவம்தான்," என்றாள்.

"சொல்லு. எனக்கு வேற வேலை இல்லை."

முக்கால் மணி நேரம் சொன்னாள்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வாய்க்குள் எது போனாலும் உட்கார்ந்துதான் போக வேண்டும். சுட்டுப் போட்டுவிட்டுக் கடைசியில் நின்றபடி விழுங்குவது கிடையாது. தோசைக்கல் மேசைக்கே வந்தது, அவரவர் தோசையை அவரவர் சுட்டுக்கொண்டார்கள். சிற்றம்பலத்தின் முதல் தோசை இலங்கை வரைபடம் போல வந்தது. ரேஷனில் தருவது போல அளந்து சமைத்ததில் மிச்சம் விழவே இல்லை. எடை இறங்க ஆரம்பித்தது. எண்பத்து மூன்று. எண்பத்து இரண்டு. எண்பத்து ஒன்று.

பங்குனியில் வளைகாப்பு. சிற்றம்பலத்தின் தங்கை குமுதவல்லியின் மகளுக்கு. குமுதவல்லி பாசக்காரி. அவளுடைய பாசம் எப்போதும் இனிப்பு வடிவத்தில்தான் வரும்.

"அண்ணி! என்ன இது, இலையில ஒண்ணுமே இல்லை? இந்தாங்க ஜாங்கிரி."

"ஒண்ணு சாப்பிட்டேன் குமுதா. போதும்."

"ஒண்ணுல என்ன இருக்கு? நீங்க வேற துரும்பா இளைச்சுட்டீங்க. எங்கண்ணன் சோறு போடறதில்லைன்னு ஊர் பேசும். வாயைத் திறங்க."

அரசி பட்டையை அணைத்து வைத்திருந்தாள். ஆனால் பட்டுப் புடவையின் கொசுவம் சரியாக அதன் பொத்தான் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. மண்டபத்தில் நாதஸ்வரம் ஓய்ந்த அந்த நொடியில் வயிறு கணீரென்று சொன்னது:

"பஞ்சமில்லை தாயி! போதும்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஜாங்கிரி குமுதவல்லியின் கையிலேயே நின்றது. "அண்ணி... வயித்துல... நீங்களுமா?"

"சீ, என்ன பேச்சு இது! கொழுப்பு பேசுது குமுதா."

"யாரைப் பார்த்துக் கொழுப்புங்கறீங்க?"

விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சொல்லி முடித்ததும் இன்னொரு சிக்கல். வளைகாப்புப் பெண்ணை விட்டுவிட்டுப் பெண்கள் கூட்டம் அரசியைச் சூழ்ந்துகொண்டது. வரிசையாக வந்து குனிந்து, வயிற்றோடு பேசினார்கள்.

"நெய்யம்மா, எனக்குத் தொடை மட்டும் குறையணும்."

"தனித் தனியா விற்பனை இல்லைங்க. மொத்தமாத்தான்."

"நான் ராத்திரி சாப்பிடறதே இல்லை. அப்படியும் குறைய மாட்டேங்குதே?"

"எத்தனை மணிக்குத் தூங்கறீங்க?"

"சீரியல் முடிய ஒரு மணி ஆகும். அப்போ கொஞ்சம் மிக்சர்..."

"மிக்சர் சாப்பாடு இல்லையாங்க? தூக்கம் குறைஞ்சா மறுநாள் பசி கூடும். சீரியல்காரங்க யாரும் ஓடிப்போக மாட்டாங்க, காலையில பார்த்துக்கலாம்."

"பொம்பளைங்க கனமாத் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவோமாமே?"

"பேரப்பிள்ளையை இடுப்புல தூக்கிட்டு நிக்கறீங்களே, எத்தனை கிலோ?"

"பதினாலு."

"மீசை முளைச்சுடுச்சா?"

மண்டபம் குலுங்கியது. கடைசியாகக் குமுதவல்லியின் மகள், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல், வளையல் குலுங்காமல், மெல்ல வந்து கேட்டாள். "நானும் குறைக்கணுமா?"

நெய்யம்மாவின் குரல் தணிந்தது. "நீ இப்போ குறைக்கக் கூடாது கண்ணு. டாக்டர் சொல்றபடி சாப்பிடு, நட. உன் கொழுப்பு உன் பிள்ளைக்குப் பாலாகக் காத்துக்கிட்டிருக்கு. அவளை எனக்குத் தெரியாது. ஆனா நல்லவளாத்தான் இருப்பா."

குமுதவல்லி ஜாங்கிரித் தட்டைக் கீழே வைத்தாள். அன்று மண்டபத்தில் இருபத்து மூன்று ஜாங்கிரி மிஞ்சியது. வீணாகிறதே என்று யாரும் நின்றபடி சாப்பிடவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் போயிற்று.

இங்கேதான் கதையில் எனக்குக் கஷ்டமான பகுதி வருகிறது.

சித்திரை முடியும்போது எடை எழுபத்தொன்பது. இடுப்பு தொண்ணூற்று ஆறு. அரசி மலைக்கோட்டையில் முந்நூறாவது படி வரை நிற்காமல் ஏறினாள். நெய்யம்மாவின் குரல் மட்டும் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் மின்விசிறியை நிறுத்தினால்தான் கேட்டது. பிறகு பட்டையின் மேல் உள்ளங்கையைக் குவித்தால்தான் கேட்டது.

"பட்டை கெட்டுப்போச்சா மேடம்?"

இன்பவல்லி திரையைப் பார்த்தாள். வழக்கமான உற்சாகம் அவளிடம் இல்லை. "பட்டை நல்லா இருக்கு டீச்சர். உள் கொழுப்பு குறையக் குறையத் தந்தியும் குறையும். ஒரு அளவுக்குக் கீழே போனா எங்களுக்கு எட்டாது. இப்படியே போனா ஆடிக்குள்ளே... நின்னுடும். இது நல்ல செய்திதானே?"

"ஆமாம்," என்றாள் அரசி. "நல்ல செய்திதான்."

வீட்டுக்கு வந்தாள். மேசை எதிரே நாற்காலியைப் போட்டு, சட்டப்படி உட்கார்ந்து, நெய் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி விழுங்கினாள். மறுநாள் இரண்டு கரண்டி. நடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஜாங்கிரிக்குக் குமுதவல்லிக்கே போன் போட்டாள். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. எடை எண்பதரை ஆயிற்று.

ஒரு சாயங்காலம் நெய்யம்மா நன்றாகவே, கணீரென்று கேட்டது. "அரசி, இது பசியா?"

"இல்லை."

"சலிப்பா?"

"இல்லை."

"கோவமா?"

"இல்லை. நீ பேசணும்னு." அரசி பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "உன்கிட்டே பேசின மாதிரி நான் யார்கிட்டேயும் பேசினதில்லை. நீ போயிட்டா அந்தக் கேள்வியை யார் கேப்பாங்க?"

"ஆடியில டாக்டர்கிட்டே போகணும். அந்த நம்பர் தாண்டிடுச்சுன்னா?"

"மாத்திரை போட்டுக்கறேன்."

"உன் அக்கா மாதிரியா?"

அரசி நெய் டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"இங்கே பாரு," என்றது நெய்யம்மா. "நான் எதுக்கு இருக்கேன்? ஒரு கெட்ட காலத்துல உனக்காகச் செலவாகறதுக்குத்தான். அந்தக் காலம் வரவே இல்லை. நாப்பத்தாறு வருஷமா சும்மாவே காவல் நின்னாச்சு. இப்போதான் முதல் தடவையா உனக்கு ஒரு ஆபத்து வந்திருக்கு, நான் செலவானா அது போகுது. என்னைச் செலவாக விடேன். அதுதானே என் உத்தியோகம்?"

"கரைஞ்சு எங்கே போவே?"

"கரையறதாவது? நீ வேதியியல் டீச்சர்தானே? கொழுப்பும் ஆக்சிஜனும் சேர்ந்தா என்ன வரும்?"

"கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும்..." அரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அட! பன்னெண்டு வருஷமா இந்தச் சமன்பாட்டைப் போர்டுல எழுதறேன். அப்போ வியர்வையில போறதில்லையா நீ?"

"தண்ணியாக் கொஞ்சம். பத்துல எட்டுப் பங்கு மூச்சாத்தான். நீ வெளியே விடற மூச்சுல நான் போறேன். மாடியில ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்குன்னு யாழ் சொன்னாளே. இனிமே அது பக்கமா நின்னு பயிற்சி பண்ணு. செடிக்கு அந்தக் காத்துதான் சாப்பாடு. பெரும்பங்கு ஊரைச் சுத்தப் போயிடும். கொஞ்சம் நம்ம வீட்டுலயே இருக்கட்டுமே."

"உன்னை வெச்சிருந்த பை காலியாயிடும்."

"காலிதான் ஆகும். பை போகாது. செல்லெல்லாம் சுருங்கி அங்கேயே இருக்கும். வாய்தான் இருக்காது அரசி. நீ பேசு, நான் கேக்கறேன்."

நெய் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. தாளிக்க மட்டும் ஒரு கரண்டி. மறுநாள் காலை அரசி செடியருகே நின்று தண்ணீர்க் கேனைத் தூக்கினாள். உள்ளே இழுத்து, வெளியே விட்டாள். ஒவ்வொரு மூச்சையும் இலை மேல் படும்படி, கண்ணாடி துடைக்க ஊதுவது போல, பார்த்துப் பார்த்து விட்டாள். எதிர் வீட்டுக்காரர் இந்தம்மா செடிக்கு மந்திரிக்கிறாள் என்று நினைத்தார்.

ஆனியில் ஒரு நாள் காலை பத்தாவது முறை நாற்காலியிலிருந்து எழுந்தபோது, மிக மெல்லிதாக, "இன்னும் ரெண்டு..." என்று கேட்டது. அரசி இன்னும் இரண்டு எழுந்தாள். அதற்குப் பிறகு சத்தமில்லை.

ஆடியில் டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து புள்ளி எட்டு. எடை எழுபத்தேழு, இடுப்பு தொண்ணூற்று மூன்று. ஈரல் தேவலாம். "மாத்திரை வேண்டாம். இப்படியே போங்க. எப்படிக் குறைச்சீங்க?" என்றார்.

"குறைக்கலை டாக்டர். அதுவே போச்சு."

அந்த ஞாயிறு அரசி மலைக்கோட்டை உச்சியில் நின்று, காற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளையார் முதுகுப்பக்கம் இருந்தார். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் செடி மதமதவென்று வளர்ந்திருந்தது. அரசி ஒரு கொத்துப் பறித்துத் தாளித்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சிற்றம்பலம் திருமணமான நாளிலிருந்து செய்வதையே அன்றும் செய்தார். போனைப் பார்த்தபடி, சாம்பாரிலிருந்து கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"எடுத்து வாயில போடுங்க," என்றாள் அரசி. அவள் இலையை அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"இதையா? இதை யாரு திம்பா?"

"அது நெய்யம்மா."

சிற்றம்பலம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். யாழ்மொழி அப்பாவைப் பார்த்தாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒதுக்கியிருந்த எட்டு இலைகளையும் வாயில் போட்டு மென்றார். அன்றிலிருந்து அவர் தட்டில் இலை ஒதுங்கியதில்லை.

ஆவணியில் இன்பவல்லி வீட்டுக்கு வந்தாள். கறிவேப்பிலைக் கதையை அரசி அவளிடம் போனிலேயே சொல்லியிருந்தாள். ஆராய்ச்சியில் ஆண்களையும் சேர்க்க அனுமதி வந்திருந்தது. சிற்றம்பலத்தின் இடுப்பு நூற்று ஆறு. "எனக்கெல்லாம் எதுக்குங்க?" என்று முரண்டு பிடித்தவரைச் சோபாவில் உட்கார வைத்து, சட்டையை உயர்த்தி, பட்டையை ஒட்டினாள். அரசி சமையலறை மேடை அருகே நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் வார்த்தை என்னன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள் இன்பவல்லி. "இதுவரைக்கும் மாறினதே இல்லை." பொத்தானை அழுத்தினாள்.

பட்டை கரகரத்தது. குரல் சிற்றம்பலத்தினுடையது, தயிர் கலந்தது.

"அரசி, சாப்பிட்டியா? உட்கார்ந்தா, நின்னுக்கிட்டா?"

சிற்றம்பலம் தன் வயிற்றையே வெறித்துப் பார்த்தார்.

"டீச்சரோட பழைய பட்டைதான் இது," என்று தடுமாறினாள் இன்பவல்லி. "பழைய பதிவைச் சரியா அழிச்சிருக்க மாட்டாங்க. நான் போய்ச் சோதிச்சுப் பார்க்கறேன். இலையில போற கார்பனுக்கு ஞாபகமெல்லாம் இருக்காது, அதுக்கு வாய்ப்பே இல்லை..."

அவள் சொல்வதை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. சிற்றம்பலம் எழுந்து சமையலறைக்குப் போனார். இருபத்து இரண்டு வருடத்தில் அவர் தண்ணீர் குடிக்க அல்லாமல் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அரசியின் கையில் யாழ் பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை இருந்தது. ஒரு விள்ளல் வாயருகில் இருந்தது.

அவர் காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பசியா?" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இதை நான்தான் கேக்கறேன்," என்றார்.